பதினான்காம் அறையின் வானிலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். புதுப் பல்செட் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு இரட்டிப்பாகிவிட்டது, அந்த வகையில் அவர் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். உன் அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்தாள், வந்துபோனதற்கு அடையாளமாகப் பிள்ளைகள் ஒரு நாற்காலிக் காலை உடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டர் முன்னால் பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறாயா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று முடிவை முதலில் சொல்லிவிடுவார், இது வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம். நீ ஆறு வருஷமாக மொபைல் ஆப் செய்யும் கம்பெனியில் இருக்கிறாய், ஒரு நாளாவது அம்மாவிடம் யோசனை கேட்டதுண்டா? இங்கே இரண்டு பெண்கள் கேட்டார்கள். அதில் என் வேலையே போகப் பார்த்தது.

பல்கலைக்கழகத்தில் என் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இரண்டாம் மாடி, பதினான்காம் அறை வாசல். உள்ளே துறைத்தலைவர். எந்தப் பாரத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமானாலும் பிள்ளைகள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைசி வருஷம் படிக்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி எப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவள், மாணவர்கள் படும் பாட்டைக் குறைக்க ஒரு ஆப் செய்கிறோம் என்று கிளம்பினார்கள். பஸ் நேரம், வகுப்பு எந்த அறையில், நூலகத்தில் புத்தகம் இருக்கிறதா, எல்லாம் அதில் வருமாம். இதை வீட்டில் சொன்னதும் உன் அப்பா, யாருக்கு ஆப்பு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவர் வாய் முகூர்த்தம் பார், கடைசியில் அது எனக்கே வந்தது.

பிள்ளைகளிடம் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று காகிதத்தில் கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளை மாதிரி இணையம் மெதுவாக வருகிறது என்று எழுதினார்களாம். நெட்டை விவரமானவள். ஒரு நாள் முழுக்க என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். நாற்பத்தொரு பேர் வந்ததில் முப்பத்தெட்டுப் பேர் கேட்டது ஒரே கேள்வி, "அம்மா, சார் இன்னிக்கு எப்படி இருக்கார்?" அவ்வளவுதான், இரண்டு பேரும் என் போனில் ஒரு சூரியன், ஒரு மேகம், ஒரு இடி என்று மூன்று படங்களை வைத்துக் கொடுத்தார்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை நான் ஒன்றை அழுத்த வேண்டும். ஆப்பில் 'அறை 14 வானிலை' என்று வரும். யாருடைய வானிலை என்று எங்கேயும் எழுதவில்லை, அந்த அளவுக்கு நாங்களும் உஷார்தான்.

எனக்கு இது என்ன பெரிய வித்தையா? ஆறு வருஷமாக அந்த மனிதரைப் பார்க்கிறேன். பையை மேஜையில் வைத்தால் வெயில், நாற்காலியில் போட்டால் மேகம், பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தால் இடி. டீ பாதியோடு திரும்பி வந்தால் அன்றைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. நான் சொன்ன வானிலை பொய்த்ததே இல்லை என்று பிள்ளைகள் கொண்டாடினார்கள். பக்கத்துத் துறை ஆசிரியர்கள்கூட ஆப்பை இறக்கிக்கொண்டார்கள். இதைவிடக் கேள், துறைத்தலைவரின் மனைவிக்கு இங்கேயே படிக்கும் அவருடைய அக்கா மகள் மூலம் விஷயம் போய், ஒரு நாள் ஆபீஸ் போனுக்கே கூப்பிட்டு, மூணு மணிக்கு மேல ஒண்ணும் போட மாட்டேங்கிறீங்களே, வீட்டுக்கு வர்ற நேரம்தானே எனக்கு முக்கியம் என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்காக ஐந்து மணிக்கும் ஒரு தடவை அழுத்த ஆரம்பித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை என்று வைத்துக்கொள்.

நாலு மாதம் இப்படி ஓடியது. வெயில் போட்டால் வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும், இடி போட்டால் ஈ காக்கை வராது. ஒரு தடவை துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, இன்னிக்கு லீவா என்று என்னிடமே கேட்டார், நான் கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். பிறகு ஒரு நாள் வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. முதல் வருஷப் பெண் ஒருத்தி, நனைந்த பாரத்தோடு கதவைப் பாதி திறந்து, "சார், இப்ப வெயில்தானே, வரலாமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளும் போனை எடுத்து, இதோ போட்டிருக்கே சார் என்று நீட்டியிருக்கிறாள். பாவம், அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

என்னைக் கூப்பிட்டார். இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். அவர்களுடைய கடைசி வருஷ மதிப்பெண் அவர் கையில், எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டே வருஷம். மூன்று பேரும் சுவரோடு சுவராக நின்றோம். கண்ணாடிக்காரி துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். நாலு மாதப் பட்டியலையும் காட்டு என்று அவர்களுடைய லேப்டாப்பை வாங்கி, ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இனி வீட்டில் உட்கார்ந்து உன் அப்பாவின் பேச்சைக் கேட்டே பொழுதைக் கழிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு இடத்தில் விரலை வைத்து, "பதினெட்டாம் தேதி எதுக்கு இடி? அன்னிக்கு நான் நல்லாத்தானே இருந்தேன்" என்றார். சரியாக அதைப் பிடித்தார் பார். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி, ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை, யாரும் வராமல் இருக்கட்டும் என்று நான் வேண்டுமென்றே போட்ட இடி அது. பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்ப மத்ததெல்லாம் சரியா என்று கேட்டார். மத்ததெல்லாம் சரிதான் சார் என்றேன்.

அப்போதுதான் நெட்டை வாயைத் திறந்தாள். பயம் என்றால் என்னவென்று கேட்கும் பெண். சார், இடி முக்கால்வாசி ஒவ்வொரு மாசமும் முதல் வியாழக்கிழமையும் அதுக்கு அடுத்த ரெண்டு நாளும்தான் வருது, அது ஏன் என்று அவரிடமே கேட்கிறாள். எனக்குக் காரணம் தெரியும், அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பவளே நான்தானே. வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியல் அன்றைக்குத்தான் அவர் மேஜைக்கு வரும். அவர் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார், "அதுல பாதிப் பேருக்குத் தன் பேரு இருக்கிறதே தெரியாதும்மா. நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வந்து நிக்கிறாங்க. அப்ப நான் என்ன செய்ய முடியும்?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கையெழுத்துப் போடுவதை அவர் ஒரு வேலையாகத்தான் செய்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். டீ ஏன் பாதியோடு வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

கண்ணாடிக்காரி மெதுவாக, அதை முன்னாடியே அவங்கவங்க போன்ல காட்டிட்டா என்ன சார் என்று கேட்டாள். அதிலிருந்துதான் ஆப் உருப்பட்டது. இதுவரை வருகைப்பதிவு என் அலமாரியில் நோட்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது ஆசிரியர்கள் தினமும் போனில் போட்டாக வேண்டும். அவர்கள் முணுமுணுத்தார்கள், துறைத்தலைவர் அசையவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் உனக்கு இன்னும் இத்தனை நாள்தான் லீவு மிச்சம் என்று ஆப் காட்டும். போன பருவத்தில் அறுபத்துமூன்று பேர் இருந்த பட்டியல் இந்தப் பருவத்தில் ஒன்பது பேராகிவிட்டது. பெண்கள் இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண். எனக்கும் வேலை போகவில்லை, ஃபைல் தூக்க லிஃப்டில் போக அனுமதிகூடக் கிடைத்திருக்கிறது.

வானிலையை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இனி நானே போட்டுக்கறேன் என்று சொல்லி, காலை பத்து மணிக்கெல்லாம் சூரியனை அழுத்திவிடுகிறார். உள்ளே மேஜையைக் கையால் அடிக்கிற சத்தம் கேட்கும், ஆப்பில் பளீரென்று வெயில். ஒருத்தரும் நம்புவதில்லை, பழையபடி என் ஸ்டூலுக்குத்தான் வருகிறார்கள். அவர் மனைவி என் சொந்த நம்பரையே வாங்கிவிட்டார்.

ஆனால் போன வியாழக்கிழமை ஒன்பது பேர் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை, ஒவ்வொருத்தரையும் தனியாக வரச் சொல்லு என்றார். சாயங்காலம் வரை ஒன்பது பேரோடும் கதவைச் சாத்திப் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்தவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் என்று ஏழு பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார், இரண்டு பேருக்குத்தான் கையெழுத்து. நான் வாசலில் சும்மா உட்கார்ந்து போனைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவர் மேகம் போட்டிருந்தார். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

நிற்க. கழுத்து வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா? காட்டினேன் என்று சும்மா எழுதாதே, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. உன் மேலதிகாரியிடம் பேசும்போது குரலைக் குறைத்துப் பேசு, நம் வீட்டுக் குரல் மற்றவர்களுக்குச் சண்டை மாதிரி கேட்கும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன், மிச்சத்தைப் போனில் அவரே ஒரு மணி நேரம் சொல்வார். நோய்நொடி இல்லாமல், நல்ல சிநேகிதர்களோடு, வயிறாரச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்க வேண்டும். இரண்டு வரியாவது கையால் எழுதி அனுப்பு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா
(இரண்டாம் மாடி, ஸ்டூல்)