கவர் கேட்ட கண்டக்டர்

ஜூன் 12, புதன்.

சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் இன்று சென்னை பஸ் கிளம்பும்போது, கண்டக்டர் முனிரத்தினம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பல வருஷம் வேறு ரூட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

"இன்னா சார், கவர் எங்க? டைம் ஆவுது."

முன்பெல்லாம் நான் எழுதும் செய்திகளைக் கவரில் போட்டு அவரிடம்தான் பத்திரிகை ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவேன். மறுநாள் காலை பேப்பரோடு வந்து இறங்கி, "உன் நியூஸ் வந்துகீது சார்!" என்று பஸ் ஸ்டாண்டே கேட்கக் கத்துவார்.

"இப்பல்லாம் போன்லயே அனுப்பிட்றோம்" என்றேன்.

"அப்ப நான் இன்னாத்த எத்துகினு போறது?" என்று சிரித்தார். நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

இன்று ஏரிக்கரை உடைந்த செய்தியை மதியமே ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நீல டிக் அப்போதே விழுந்துவிட்டது. அதற்குக் கத்தத் தெரியாது.