மச்சத்துடன் ஒருவர்

மார்ச் 3, செவ்வாய்
பழைய தேடல் நிரலைத் தலைமுழுகச் சொல்லிவிட்டார் மேனேஜர். காணாமல் போனவர்கள், பெயர் தெரியாமல் காப்பகங்களில் கிடப்பவர்கள் எல்லோருடைய குறிப்பும் எங்கள் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. ஒரு சொல்லைத் தேடினால் முதல் குறிப்பிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். அதற்குள் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். இனி எந்தச் சொல் எந்தக் குறிப்பில் வருகிறது என்று முன்கூட்டியே இண்டெக்ஸ் கட்டிவைக்க வேண்டும். பொறுப்பு என் தலையில்.

வழக்கம்போல் முதலில் தம்பிக்காகத் தேடினேன். கழுத்து, மச்சம். இல்லை. "கடைக்குப் போயிட்டு வரேன்"னு செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல் விசிலடித்தபடி போனவன். இரண்டு வருடம் ஆகிறது. மனநோய் மாத்திரையை நிறுத்தியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 6, வெள்ளி
இண்டெக்ஸ் ஓடுகிறது! கண் மூடித் திறப்பதற்குள் பதில். அதற்குள் "சந்தேகம்" வந்து நின்றார். எங்கள் டெஸ்டர்; நிரலில் பிழை தேடுவது அவர் வேலை. எதைக் கொடுத்தாலும் "நெஜமாவா?" என்பதால் அந்தப் பெயர்.

"தாடின்னு அடிச்சா தாடி வருது. 'தாடியோட'ன்னு எழுதியிருக்கறவன் எங்க போனான்?"

"அது வேற சொல்லுங்க."

"கம்ப்யூட்டருக்கு வேற. பிள்ளையைத் தேடற அம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

பழைய தேடலிலும் இதே ஓட்டைதான். யாரும் கேட்கவில்லை. இனி 'ஓட' மாதிரியான வாலை வெட்டி, சொல்லின் வேரை மட்டும் இண்டெக்ஸில் ஏற்ற வேண்டும்.

மார்ச் 9, திங்கள்
'பாட்டில்' என்ற சொல்லைப் 'பாட்டு' என்று வெட்டிவிட்டது என் நிரல். தண்ணீர் பாட்டிலோடு திரிந்த பெரியவர் பாடகராகிவிட்டார். சந்தேகம் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்.

மார்ச் 12, வியாழன்
கழுத்து, மச்சம். ஒரு பதில்.

"பெயர் தெரியாதவர். சுமார் முப்பது வயது. கழுத்தில் இடப்பக்கம் மச்சத்துடன். பேசமாட்டார், விசிலடிப்பார்."

விசில்.

பதிவானது போன வருடம் ஜனவரியில். இத்தனை நாளா இங்கயேதான் இருந்திருக்கான். தினமும் தேடினேனே! நான் மச்சம்னு தேடினேன், அவன் மச்சத்துடன்னு இருந்திருக்கான். அப்படி ஒரே ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை லீவு.

மார்ச் 13, வெள்ளி
போனேன். அவன் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு
இன்றுதான் எழுத முடிகிறது.

காப்பகத்து நர்ஸ் என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "எங்க விசிலு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?"

"அக்கா."

"போன மாசம் நிமோனியா வந்துச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்... காப்பாத்த முடியல."

"கஷ்டப்பட்டானா?"

"மூச்சுக்குத்தான் கொஞ்சம். நான் கூடவே இருந்தேன்."

இறந்ததை எங்கள் அலுவலகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. எல்லோருடைய போர்வையையும் அவன்தான் மடித்து வைப்பானாம். வீட்டில் தன்னுடையதைக்கூட மடித்ததில்லை. ஜன்னலோரம் இருந்த அவன் கட்டிலைக் காட்டினார்கள். அதில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்?

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க வயிறார சாப்பிட்டானாமா?"

கேட்காமல் வந்துவிட்டேனே. "சாப்பிட்டானாம், அம்மா" என்றேன்.

மார்ச் 18, புதன்
அலுவலகம். எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள்.

"அன்னிக்கு நான் அதைக் கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றார் சந்தேகம்.

"ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் சுண்டிப்போனது.

மார்ச் 19, வியாழன்
அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்
எங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் காணாமல் போனவர்களில் சிலருடைய படங்களை மட்டும் பெரிதாகப் போட்டிருப்போம். தம்பியின் படமும் அங்கே இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. யாரும் என்னை எடுக்கச் சொல்லவுமில்லை.

காலையில் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "அவன் படத்தை எடுத்துடு. வேற யாரு பெத்த பிள்ளைக்காவது அந்த இடம் ஆகட்டும்."

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.