கந்தகம் குறைந்த இரும்பு

2018 பெப்ரவரி 6
காலை 10.20க்குச் செய்தி வந்தது. கட்டாரில் ஒரு குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். போர்மன் தோளில் தட்டினார். மன்னாரில் உன் மனைவி செத்துவிட்டாள், டெங்கு என்றார். அந்த வெல்டிங் ஒட்டை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். பாதியில் விட்டால் வெடிப்பு விழும். பரிசோதகர் குறையே இல்லை என்று கையெழுத்து வைத்தார். கைதட்டுங்கோ.

பெப்ரவரி 9
பெற்றிசியாவைப் பேசாலைச் சேமக்காலையில் அடக்கம் செய்தாயிற்று. கடவுள் நல்ல ஆக்களைத்தான் முதலில் எடுப்பார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்படியென்றால் சொன்ன அத்தனை பேருக்கும் நீண்ட ஆயுள்.
நான் அழவில்லை. அதையும் கவனித்துவிட்டார்கள்.

பெப்ரவரி 17
கம்பெனியிலிருந்து மெயில். அனுதாபம் ஒரு வரி, ரிக்கற் பற்றி ஆறு வரி. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடுத்த நாள் பறக்கவேண்டுமாம்.

பெப்ரவரி 20
அந்தப் பூசைக்கு முன் கல்லறையில் சிலுவை நிற்கவேண்டும். அவளின் அப்பா, பஸ்ரியன் மாமா, மரத்தில் செய்வோம் என்றார். உப்புக்காற்றுத் தின்றுவிடும், எவர்சில்வரில் நானே செய்கிறேன் என்றேன். பெரிய கெட்டிக்காரன். நெடுக்குக்குக் கொழும்பிலிருந்து புதுக் குழாய். குறுக்குக்கு மாமா தன் பழைய படகின் எவர்சில்வர்க் கைப்பிடிக் குழாயைக் கழற்றித் தந்தார். சின்ன வயதில் அவள் பிடித்துக்கொண்டு நின்றதாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெப்ரவரி 27
ஒட்டு கண்ணாடிபோல மினுங்கியது. மாமா ஒருதரம் ஆட்டினார். குறுக்கு கையோடு வந்தது.
"வெளிநாட்டு வேலை வடிவாத்தான் இருக்கு, தம்பி."
குறுக்கை என் கையில் தந்துவிட்டுப் போனார். ஏசியிருக்கலாம்.

பெப்ரவரி 28
அறுத்துப் பார்த்தேன். படித்ததுதான். உருகிய இரும்பில் சூடான நடுவில் பரப்பிழுவிசை குறைவு, ஓரத்தில் கூடுதல். ஓரம் இழுக்க, திரவம் வெளியே ஓடும், சூட்டையும் கொண்டு ஓடும். அகலமாய்ப் பரவும், ஆழம் போகாது. கொஞ்சம் கந்தகம் இருந்தால் எல்லாம் தலைகீழ்: ஓட்டம் நடுவுக்கு வந்து கீழே இறங்கும், சூடும் சேர்ந்து இறங்கும்.
புதுக் குழாய் அதிசுத்தம். படகுக் குழாயில் கந்தகம். இரண்டையும் சேர்த்தால் உருகியது சுத்தமான பக்கம் சாய்ந்துவிடும். மூட்டின் மற்றப் பாதி பச்சையாகவே கிடக்கும்.
இதற்குத்தான் டிப்ளோமா. மேலே மினுக்கம், உள்ளே ஒன்றும் போகவில்லை — ஊர் என்னைப் பற்றிச் சொல்வதும் இதுதானே?

மார்ச் 3
குறுக்கையும் புதுக் குழாயில் செய்தால் ஒரு மணித்தியால வேலை. மாமாவே, "கரைச்சலெண்டா என்ர குழாயை விடுங்கோ" என்றார். விடவில்லை. தீயை நடுவில் பிடிக்காமல் படகுக் குழாய்ப் பக்கம் தள்ளிப் பிடித்தேன். சோதனைத் துண்டில் இரண்டு பக்கமும் பிடித்தது.
பிறகு சிலுவை. மாமா குறுக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி சொன்னார்:
"இந்த இடத்திலதான் பிடிப்பாள். படகு ஆட ஆட ஓங்காளிச்சு ஓங்காளிச்சுச் சத்தி எடுப்பாள், கையை மட்டும் விடமாட்டாள்."
முகமூடிக்குள்ள ஒண்டும் தெரியேல்லை. கண்ணாடி புகைஞ்சு போச்செண்டு நினைச்சன். மங்கினது கண்ணாடி இல்லை. தீயை நிப்பாட்டினன் — ஒட்டுப் பாதியில. மாமா குழாயைப் பிடிச்சபடியே நிண்டார்.

மார்ச் 4
வெடிப்பை அரைத்து எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினேன். பிடித்தது.

மார்ச் 8
பூசை முடிந்தது. சிலுவை நிற்கிறது. ஒட்டு வடிவில்லை, கறுத்து, மேடும் பள்ளமும். மாமா எல்லாருக்கும் முன்னால் அதில் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். சேமக்காலையில் செய்யிற வேலையா இது என்று பெற்றிசியாவின் அம்மா திரேசம்மா மாமி ஏசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது, சனத்துக்கு முன்னால்.
நாளைக்கு ரிக்கற். கட்டார்க் கம்பெனிக் கந்தோர் காலையிலிருந்து போன் எடுத்தபடி. விடியக் கடலுக்கு வாறன் எண்டு மாமாவிட்டச் சொல்லிப்போட்டன்.
போனை நிப்பாட்டி வச்சிருக்கிறன்.