வளைந்து தெரிந்த வெள்ளைக்கோடு

அண்ணே,

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எடுக்கும் பெண் மோவாய் வைக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாடை வந்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் காட்டிய புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு முழுக்க உங்களிடம் இருந்தது.

போனக்காடு மலைக்குப் போகும் பஸ்ஸில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். ஒருநாள் வித்துராவில் டீ குடிக்க நின்றபோது மெதுவாகச் சொன்னீர்கள்: "தம்பி, ரோட்டு வெள்ளக்கோடு நேரா இருக்க எடத்துலயும் வளைஞ்சுல்லா தெரியுது." வலது கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்றீர்கள். வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் திருவனந்தபுரத்துக்கு, இதே கண் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். போர்டிலிருந்த எழுத்துகளைக் கிட்டத்தட்ட முழுவதும் வாசித்துவிட்டீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தபோது உங்கள் முகத்தில் பாதி நிம்மதி வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்கேன். டாக்டரம்மா திரையை உங்கள் பக்கம் திருப்பினார். விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில், அடுக்குகளுக்குக் கீழே, கறுப்பாக ஒரு புடைப்பு. அது நீர் என்றார். நெடுநாளாக ஊறுவதும் வற்றுவதுமாக இருந்திருக்கிறது, அடிப்படலம் அங்கங்கே கெட்டிருக்கிறது என்றார்.

நீங்கள் வெகுநேரம் அதையே பார்த்தீர்கள். "மழத்தண்ணி அடியில எறங்கி தாரு உப்பி நிக்குமே, அதானே டாக்டரே?"

அவர் தலையசைத்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மலைக்குளிரில் வரும் மூச்சிழுப்புக்கு, நீங்களாகவே கடையில் வாங்கி வருடக்கணக்காக விழுங்கிவந்த மாத்திரை அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தீர்கள். ஸ்டீராய்டு. கண்ணில் நீர் கட்டுவதற்கு அதுவும் காரணமாகலாம், ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது, நெஞ்சு டாக்டரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும் என்றார். இப்போதைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்பதைக் கடைசியாகச் சொன்னார்.

பழவங்காடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தோம். மகள் நர்சிங் படிப்பில் பாதியில் இருந்தாள். போர்டை நன்றாக வாசிக்கும் உங்களை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏற முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"தெரியாம ஓட்டுனது வேற, தம்பி. இப்பம் தெரிஞ்சாச்சு. இனி ஸ்டியரிங்க தொடக்கூடாது."

டிப்போவில் அந்த ஸ்கேன் படத்தை நீங்களே கொண்டுபோய்க் காட்டினீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுத்தார்கள்; சம்பளம் குறைந்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உங்களோடு வந்தேன். நீர் குறைந்தது, மறுபடி ஊறியது. லேசர் வைத்த பிறகு வற்றியது. ஆனாலும் கோடு கடைசிவரை உங்களுக்கு முழுக்க நேராகவில்லை. மகள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போன மழைக்காலத்தில் அந்த இழுப்போடு போய்ச்சேர்ந்தீர்கள்.

நம் பஸ்ஸில் ஒருமுறை பயணியாக ஏறினீர்களே, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து. வளைவு வரும்போதெல்லாம் உங்கள் வலதுகால் தரையை அழுத்தியது. நான் பார்ப்பது தெரிந்ததும் சிரித்தீர்கள். கண் கலங்கியிருந்தது.

இப்போது என்னோடு வரும் டிரைவர் சின்ன வயதுக்காரன், நல்லவன். வண்டியை எடுக்கச் சொல்லி டபுள் பெல் கொடுக்கும் முன் அவன் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். பழக்கம் என்றேன்.