ஒரு கட்டி, மூன்று மூச்சு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1.40. போட்ட துளை ஒன்று, இழுத்த மூச்சு மூன்று, உடைந்த ரகசியம் மூன்று.

அன்பு மகளுக்கு, இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று அப்பா எழுதச் சொன்னார். நாலு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும் என்று உத்தரவு, அதனால் அவர் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. இந்த ஒரு வரியோடு தூங்கிவிட்டார். மீதி உன் தம்பி பாடு. முதலில் இதைக் கேள் அக்கா: கட்டியை எரித்தாயிற்று. முழுதாக. இனி அழாமல் படி.

அது ஈரலின் மேல் மூலையில் ஒரு பட்டாணி அளவு. சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், அல்ட்ராசவுண்டில் தெரியவே தெரியாது. ஆனால் கட்டியை எரிக்கிற ஊசி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே செலுத்த அல்ட்ராசவுண்டுதான் வேண்டும். அதனால் போன வாரம் எடுத்த சிடி படத்தை அதன் மேல் ஏற்றி, ரத்தக்குழாய் பிரிகிற இடத்தை இரண்டிலும் ஒன்றாகப் பொருத்தினால், கட்டி இருக்கும் இடத்தில் திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். இந்த ஆஸ்பத்திரியில் நான் பழுது பார்க்கிற இயந்திரம் என்பதால் என்னைச் சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். பொருந்தவில்லை. இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது. அதை நம்பிக் குத்தினால் நல்ல ஈரல் வேகும், கட்டி சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். நான் உள்ளே போய் வயரைப் பார்த்தேன், சென்சாரைப் பார்த்தேன், கால் மணி நேரம் குடைந்தேன். டாக்டரம்மா, "மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்கப்பாதான் சரியில்ல" என்றார்.

சங்கதி இதுதான். சிடி எடுத்த அன்று மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும், முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராக விசில் ஊதிய கெத்தில் நம்மாள் நெஞ்சு வெடிக்க இழுத்திருக்கிறார். ஈரல் கீழே இறங்கிப் படமாகிவிட்டது. இன்றைக்கோ ஊசியைப் பார்த்த பயம், பூனைக்குட்டி மாதிரி மூச்சு விடுகிறார். நல்லா இழுங்க சார் என்றால், "இழுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன், எனக்கேவா சொல்லித் தர்றே?" என்கிறார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போனார். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. கட்டி அதுவரை காத்திருக்குமா? அப்போதுதான் உறைத்தது, அவருக்கு அவ்வளவு மூச்சு நிரம்புவது நம்மைத் திட்ட ஆரம்பிக்கும் முன்னால்தான்.

வெளியே வந்து மைக்கை அழுத்திச் சொல்லிவிட்டேன்: "அப்பா, அக்கா மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கா." இழுத்தார் பார்! டாக்டரம்மா "அப்படியே பிடிங்க" என்று கத்தினார், வட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது, ஊசி பாதி போனது. இரண்டாவது மூச்சுக்கு நீ வேலையை விட்டு மூன்று மாதமானதைச் சொன்னேன். ஊசி முனை சேர்ந்த இடத்தைச் சரிபார்க்க மூன்றாவது வேண்டியிருந்தது, உன் பக்கம் சரக்குத் தீர்ந்துவிட்டது. அதனால் அவருடைய வெள்ளி விசிலைத் திருடன் கொண்டுபோகவில்லை, தொலைத்தவன் நான்தான் என்றேன். அந்த மூச்சு கொஞ்சம் கூடிவிட்டது, குறைக்கச் சொன்னார்கள்.

ஒவ்வொரு தடவையும் இருபது விநாடி பிடித்து வைத்ததில் திட்டெல்லாம் உள்ளேயே கரைந்துவிட்டது போலிருக்கிறது. எல்லாம் முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது கேட்டது ஒன்றுதான்: "ஹெல்மெட் போடுறாளாடா?"

இதோ விழித்துவிட்டார். எழுதச் சொல்கிறார்: நன்றாயிரு, வேளைக்குச் சாப்பிடு, வேலை போனால் வேறு கிடைக்கும், முழங்கால் போனால் கிடைக்காது, வண்டியில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார். அம்மாவும் ஆசி சொல்கிறாள், உன் மேல் கோபம் தீராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சொன்னவர் அப்பா, எழுதியவன் தம்பி.

இனி நான் செய்யப்போவது:

1. நாலு மணி நேரம் முடியும்வரை இவரைப் புரள விடாமல் பிடித்துக்கொள்வது.
2. வெள்ளி விசில் எங்கே கிடைக்கும் என்று தேடுவது.
3. உன்னிடம் மன்னிப்புக் கேட்பது. இதோ கேட்டாயிற்று.
4. அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி சிடி. பழைய படத்தோடு ஒப்பிட அதே மூச்சு வேண்டுமாம். என்னிடம் ரகசியம் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் புதிதாக ஏதாவது செய்து வை.