மாற்றச் சொன்ன தண்ணீர்

அப்பா,

நீங்கள் கட்டிய இந்திரா நகர் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் சாமான்களை ஒழிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தாள். திருச்சியிலிருந்து இன்று காலை வந்தேன். பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. மேல்தட்டில் உங்கள் வெள்ளை ஜிப்பா. வருடத்துக்கு ஒருமுறை, பெரிய வியாழனுக்கு மட்டும் வெளியே வருவது. ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது. நீங்கள் யார் பேச்சையும் முடிக்க விட்டவர் அல்ல. இப்போது குறுக்கே பேச மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மேன், கோயிலில் முதல் பெஞ்சு. குவார்ட்டர்ஸில் தினமும் சாயங்காலம் செபமாலை. சிமெண்டுத் தரையில் நானும் தங்கச்சி ஸ்டெல்லாவும் முழங்காலில் நிற்போம். யாராவது கண்ணயர்ந்தால் மண்டையில் குட்டு விழும். குட்டும்போதும் உங்கள் செபத்தில் ஒரு சொல் தடுக்காது. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததைப்போல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் எல்லா வருடமும் நீங்கள் உண்டு. அன்று மதியமே நகம் வெட்டி, குதிகாலைக் கல்லால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுவீர்கள். "சாமியார் கையில அழுக்குப் படக்கூடாது" என்பீர்கள். கழுவக் கொடுக்கப்போகும் காலைக் கழுவிக்கொண்டு போகிறவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அம்மா இருந்தவரை என்னைக் கிள்ளி அடக்குவாள்.

ஸ்டெல்லா சவரியைக் கட்டிக்கொள்வேன் என்றபோது சிரிப்பு நின்றது. மந்தாரக்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி, நம் கோயில் பாடகர் குழுவிலேயே பாடுகிறவர். நம்மைப்போலவே தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். ஆனால் காலனித் தெரு. "கோயில்ல எல்லாரும் ஒண்ணுதான். கோயிலுக்கு வெளிய அப்பிடி இல்ல" என்றீர்கள். அவர்கள் கல்யாணம் அதே கோயிலில் நடந்தது. நீங்கள் அன்று ஷிஃப்ட்டுக்குப் போனீர்கள். போவதற்கு முன் அவள் துணிமணியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனீர்கள். பைபிளையும் சேர்த்து.

அடுத்த பெரிய வியாழனுக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். பீடத்தின் முன் போட்ட நாற்காலிகளில் சவரியையும் உட்கார வைத்தார், உங்களுக்கு அடுத்து. நான் லீவுக்கு வந்திருந்தேன். பெண்கள் பக்கம் நிறைமாதமாக இருந்த ஸ்டெல்லாவோடு உட்கார்ந்திருந்தேன். சாமியார் சவரியின் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுவிட்டு, தண்ணீர்ப் பேசினை உங்கள் முன் நகர்த்தினார். நீங்கள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்கள்.

"தண்ணிய மாத்துங்க சாமி."

மெதுவாகத்தான் சொன்னீர்கள். சாமியார் முன் மைக் இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. சாமியார் உங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீரை மாற்றினார். அவரையும் நான் மன்னிக்கவில்லை. சவரி ஈரக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அடுத்த பாட்டு அவர் குழு பாட வேண்டியது. எழுந்து போய்ப் பாடினார்.

அதற்கு அப்புறம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது. பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த ஆயாவை எச்சில் துப்பி விரட்டினீர்கள். யாரும் கூப்பிடாமல் ஸ்டெல்லா கைக்குழந்தையோடு உள்ளே வந்து, உங்கள் படுக்கை விரிப்பை உருவினாள். அன்றிலிருந்து அவள் போகவில்லை. ஷிஃப்ட் முடிந்து சவரியும் வருவார்.

வாயில் ஒரு சொல் வராத உங்களுக்குச் செபம் மட்டும் வந்தது. மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை செபம், முழுசாக, பழைய வேகத்தில். தண்ணீர் வேண்டுமென்று கேட்க வராது, மகள் பேர் வராது. வீடு வீடாகச் செபம் சொல்ல வரும் அன்பியத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன விசுவாசம் பாரு." நான் டாக்டரிடம் கேட்டேன். "சின்ன வயசிலேருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது தானா வரும்மா. பாட்டு, திட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது எல்லாம் அப்படித்தான். அர்த்தம் தெரிஞ்சு சொல்றாருன்னு சொல்ல முடியாது" என்றார். எனக்கு அது புதுச் செய்தி இல்லை, அப்பா.

சவரி உங்களைத் தூக்கி உட்கார வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, கால் விரல் இடுக்கைக்கூட ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அதற்கெல்லாம் கிடந்தீர்கள். கஞ்சிக் கரண்டியை அவர் நீட்டினால் மட்டும் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொள்வீர்கள். ஒருநாள் கஞ்சி அவர் சட்டையில் சிந்தியது. என்னால் பொறுக்க முடியவில்லை. "பட்டினியா கெடக்கட்டும், விடுங்க" என்றேன்.

"அவுரு வாய் அவுருதுங்க. மாமாவுக்கு எப்பத் தோணுதோ அப்பத் தொறக்கட்டும்" என்று சொல்லி, கரண்டியை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். கடைசிவரை உங்களுக்குத் தோன்றவில்லை.

அடக்கத்துக்குக் கோயில் நிறைந்தது. முன்மாதிரியான விசுவாசி என்று பிரசங்கம். பெட்டியைத் தூக்கச் சவரி கை வைத்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா அவர் கையை எடுத்துவிட்டார். "எங்க ஆளுங்க இருக்காங்க தம்பி." ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இத்தினி நாளா அவுருதான் தூக்கினாரு சித்தப்பா. இன்னிக்கி ஒரு நாள் நீங்க தூக்குங்க" என்றாள். சித்தப்பா அப்போதும் பெட்டியைச் சவரியிடம் விடவில்லை. அவர் கூட்டத்தின் கடைசியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைக்கு நடந்தார்.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். "கடைசில அப்பாவுக்கு உன்ன அடையாளம் தெரிஞ்சுதாடி?"

"தெரிஞ்சுதுக்கா. தெரிஞ்சுதான் செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு."

"அப்புறம் எதுக்குச் செஞ்ச?"

"அவுரு பாக்கணும்னா செஞ்சேன்?" என்றாள். ரசத்தை ஊற்றினாள்.

நீங்கள் கற்றுக்கொடுத்த செபங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எதிலும் எனக்கு இப்படி ஒரு வரி கிடைத்ததில்லை. இதைத்தான் திருச்சிக்கு எடுத்துப்போகிறேன். நீங்கள் மோட்சம் சேர வேண்டும் என்று அவள் தினமும் வேண்டிக்கொள்கிறாள். உங்களுக்காக வேண்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டது கிடைக்கட்டும் என்று, அவளுக்காக மட்டும் வேண்டுகிறேன். கிடைத்தால், ஒருநாள் சவரியும் அங்கே வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவார். அங்கே திரும்பிக்கொள்ளச் சுவர் இருக்காது, அப்பா.