பின்சந்துக் கடுதாசி

9 மார்ச் 1926, செவ்வாய்

காலையில் சானிட்டரி போர்டு ஆள் ஒருவன் டேப்போடு வந்து என் வீட்டுப் பின்சுவரை அளந்தான். பின்பக்கத்து மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்தான், அடுப்படிக்குள் குனிந்தான், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். "வெள்ளைக்காரத் துவான் அளக்கச் சொன்னாரு, அளக்குறேன்" என்றான். ஈப்போவில் எத்தனை வீடு இருக்கிறது! யாரோ போய் வழி காட்டாமல் இவன் இங்கே வருவானா?

10 மார்ச்

பக்கத்து வீட்டுச் சீன முதலாளி தவுக்கேயைக் கேட்டேன். அவன் வீட்டையும் அளந்தார்களாம். நம்பவில்லை.

15 மார்ச், திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது எறும்பு ஊர்ந்த தாள். முன்னறையில் குடியிருக்கும் இளையதம்பியிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், போர்டு ஆபீசில் பிளான் வரைகிறவர்.

"பின்சந்துக்கு இடம் விடோணுமாம், ஐயா. பின்னுக்கு இருக்கிற மூண்டு அறையிலும் சன்னல் இல்லை, காத்து இல்லை எண்டு எழுதியிருக்கினம். ஒரு மாதத்துக்குள்ளை மறுமொழி குடுக்காட்டில் இடிச்சுப்போடுவினம்."

தடங்கல் இல்லாமல் வாசித்தார். எழுதினவனே வாசித்தால் அப்படித்தான் வரும்.

இருபது வருடம் தோட்டம் தோட்டமாய் மாட்டுவண்டியில் ரப்பர் ஷீட் ஏற்றினேன். லாரி வந்ததும் மாட்டையும் வண்டியையும் விற்று இந்த வீட்டை வாங்கினேன். ஆறு அறை. ஒன்றில் நானும் என் பெண்டாட்டி மங்களமும். மற்ற ஐந்தின் வாடகைதான் எங்கள் சோறு. பின்னால் இருக்கும் மூன்றும் போனால்? பயமாக இருக்கிறது. மங்களத்திடம் காட்டிக்கொள்ளவில்லை.

18 மார்ச்

பின்னறை நல்லம்மாள் மேல் சந்தேகம். ஆற்றில் ஈயம் அரிக்கிறவள். போன மாதம் அறைக்குள் புகை நிற்கிறது என்று முணுமுணுத்தாள். நேராகவே கேட்டேன்.

"நான் இருக்குற ரூமை இடிங்கன்னு நானே போய்ச் சொல்வேனா? புத்தி இருக்கா லா அண்ணே உங்களுக்கு?"

நியாயம்தான். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் ஏன் கோபம் வர வேண்டும்?

23 மார்ச், செவ்வாய்

அகப்பட்டான்!

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த இளையதம்பி, மனைவி அன்னபாக்கியத்திடம் சொன்னது பலகைச் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. "வீட்டைப் பற்றிப் பெரிய துரையோடை வடிவாக் கதைச்சுப்போட்டன். காரியம் முடியட்டும். ஐயாவுக்கு இப்ப சொல்லாதை."

கதைத்தானாம். அதுவும் வடிவாக! ஊரில் கதை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழகாகக் கட்டிவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் பெருமை அடிக்கிறவனை இன்றுதான் பார்க்கிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் என்னிடம் வாய் திறந்ததெல்லாம் ஏசுவதற்குத்தான். அவர்கள் பேச்சு எனக்கு அவ்வளவுதான் பழக்கம். இவனும் அந்தக் கூட்டம்தானே?

மங்களத்திடம் சொல்லப்போவதில்லை. குழாயடியில் தினமும் அன்னபாக்கியத்தோடு தலையை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டு விஷயம் எது எது அந்த வழியாகப் போனதோ.

24 மார்ச்

இளையதம்பியை மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னேன். குடையை மடக்கிக்கொண்டே, "ஏனெண்டு சொல்லுங்கோ, ஐயா" என்றார்.

"ரூம் வேணும்."

"ஓம்" என்றார். அவ்வளவுதான். தப்பு இல்லாதவன் சண்டை போட்டிருப்பான்.

31 மார்ச், புதன்

போய்விட்டார்கள். பத்து காஜா ரோட்டில் வீடு பார்த்திருக்கிறார்களாம். அன்னபாக்கியம் எங்களிடம் இரவல் வாங்கியிருந்த அம்மியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

6 ஏப்ரல், செவ்வாய்

போர்டிலிருந்து இன்னொரு கடுதாசி. இது தடிமனாக இருக்கிறது. யாரிடம் கொடுத்து வாசிப்பது? பெட்டிஷன் எழுதும் ராமையா போர்டு ஆட்களோடு கோப்பிக் கடையில் உட்காருகிறவன். தவுக்கேயின் மகனுக்கு என் வீட்டு மேல் கண். இது கையெழுத்து வாங்கி வீட்டைப் பிடுங்குகிற தாளாகத்தான் இருக்கும். பிரித்தால்தானே எனக்குக் கிடைத்ததாக ஆகும்? உறையோடு டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அவர்களுக்கு மட்டும்தான் மூளையா?

27 ஏப்ரல், செவ்வாய்

இடித்துவிட்டார்கள். அடுப்படி, மூன்று அறைகள், எல்லாம். "மறுமொழி வரலை" என்றான் மேஸ்திரி. கத்தினேன். யார் கேட்டார்கள்?

நல்லம்மாள் ஈயம் அரிக்கும் மரத்தட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாகான் செராயில் தங்கச்சி இருக்கிறாளாம், அங்கே போகிறாள்.

தவுக்கே வீட்டை இடிக்கவில்லை. அவன் சன்னல் வைத்திருந்தான்.

28 ஏப்ரல்

இனி இழக்க என்ன இருக்கிறது என்று கடுதாசியை ராமையாவிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அடுப்படியை மட்டும் எடுத்துவிட்டு, பின்சந்துப் பக்கம் அறைக்கு ஒரு சன்னல் வைத்தால் மூன்று அறைகளும் இருக்கலாமாம். வீட்டுக்காரர் சார்பில் கொடுத்த மனுவைப் போர்டு ஏற்றுக்கொண்டதாம். கூட இருக்கும் பிளானில் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு நாளில் திருப்ப வேண்டுமாம்.

பிளானை விரித்தோம். என் வீடு. மூன்று சன்னல்கள், சிவப்பு மையில். மூலையில் வரைந்தவர் பெயரை ராமையா எழுத்துக் கூட்டிச் சொன்னான். இளையதம்பி. தேதி மார்ச் 22. நான் சுவரில் காது வைத்ததற்கு முந்தின நாள்.

29 ஏப்ரல்

மங்களத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கேட்ட வார்த்தைகளையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவங்க பேசுறதையே கதைக்கிறதுன்னுதான் சொல்வாங்க. வடிவான்னா நல்லான்னு அர்த்தம். அந்த அம்மாகூட ரெண்டு வருஷமாப் பேசுறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். யாருமே காட்டிக்கொடுக்கவில்லை. எல்லார் வீட்டையும்தான் அளந்தார்கள். என் வீட்டை இடித்தது என் காது.

9 மே, ஞாயிறு

பத்து காஜா ரோட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இளையதம்பி வாசலுக்கு வந்ததும் பிளானை மட்டும் நீட்டினேன், கையெழுத்துப் போடாத பிளானை.

அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். அன்னபாக்கியம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வெய்யிலுக்கை வந்திருக்கிறியள் ஐயா. முதல்லை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. ஆறுதலாக் கதைப்பம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மங்களத்தைக் கேட்டேன். ஆறுதலா என்றால் அவர்கள் பேச்சில் அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். இருக்கட்டும். நான் என் காதில் விழுந்தபடியே வைத்துக்கொள்கிறேன்.